கிராந்த்-லீன்: ஒரு பரணில் தொடங்கிய பிரெஞ்சுச் சபை

வெள்ளி இரவு, சான்-ழான்-சூர்-ரிஷலியூ

கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர் என்றால் கத்தோலிக்கர், ஆங்கிலம் பேசுகிறவர் என்றால் பெரும்பாலும் புரோட்டஸ்டன்ட். நெடுங்காலம் யாரும் கேள்வி கேட்காமல் வைத்திருந்த கணக்கு இது. பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம், கல்யாணம் எல்லாமே இந்தக் கணக்குப்படி நடந்தன. இதில் அடங்காத ஒரு சின்னக் கூட்டம் 1836இல் மான்ட்ரியாலுக்குத் தெற்கே ஒரு விவசாயக் கிராமத்தில் உருவானது. பிரெஞ்சு பேசும் புரோட்டஸ்டன்டுகள். கனடாவில் இன்றிருக்கும் பிரெஞ்சு பாப்டிஸ்ட் (புரோட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவு) சபைகளில் பல அங்கிருந்துதான் தங்கள் கதையைத் தொடங்குகின்றன. அந்த ஊரின் பழைய பெயர் கிராந்த்-லீன். இன்று சான்-ப்ளேஸ்-சூர்-ரிஷலியூ என்ற ஊராட்சிக்குள் அடங்கிவிட்டது.

நன்றித் திருநாளுக்கு அக்டோபரில் வரும் நீண்ட விடுமுறையில் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறாள். 1977இல் வந்த மொழிச் சட்டத்துக்குப் பிறகு எங்களைப் போல வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறார்கள். அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிடப் பல மடங்கு மேல். பழைய கல்வெட்டுகளைப் படித்துச் சொல்ல அவள்தான் வேண்டும்.

ஷாம்ப்ளேன் பாலத்தைத் தாண்டி 10ஆம் எண் நெடுஞ்சாலை, அப்புறம் 35. அவ்வளவுதான், ஒரு மணி நேரத்துக்குள் சான்-ழான் வந்துவிடுகிறது. ரிஷலியூ ஆற்றங்கரையில் சாம்ப்ளி கால்வாய் ஓரமாக நடந்தோம். கனடாவின் முதல் ரயில்பாதை 1836 ஜூலையில் திறக்கப்பட்டபோது ஒரு முனை லாப்ரெரியில், மறுமுனை இந்த ஊரில். நியூயார்க் பக்கமிருந்து ஷாம்ப்ளேன் ஏரி வழியாகப் படகில் வருகிறவர்கள் இங்கே இறங்கி ரயில் பிடித்து மான்ட்ரியால் போவார்கள்.

ரயில் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1835 இலையுதிர் காலத்தில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்திலிருந்து கிளம்பிய இரண்டு பேர் நியூயார்க் வழியாகக் கனடாவுக்குள் வந்தார்கள். ஒருவர் ஆன்ரியெத் ஃபெல்லர், வயது 35. இன்னொருவர் லூயி ரூசி என்ற இளைஞர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். அக்டோபர் 31 அன்று மான்ட்ரியால் சேர்ந்தார்கள்.

ஃபெல்லர் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய துக்கம். 1822இல் லூயி ஃபெல்லரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இருந்தார்கள், லோசானில் காவல் துறைப் பொறுப்பில் இருந்தார். இவர்களுக்குப் பிறந்த ஒரே மகள் சின்ன வயதிலேயே இறந்துபோனாள். 1827இல் கணவரும் போய்விட்டார். அந்தக் காலத்தில் ஜெனீவாவிலும் லோசான் இருக்கும் வோ மாகாணத்திலும் ஒரு மறுமலர்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அரசுத் திருச்சபைக்கு வெளியே வீடுகளில் கூடி வேதம் வாசிக்கிற சிறு குழுக்கள் அவை. வோ அரசு அதைப் பொறுக்காமல், 1824 மே மாதம் இப்படிப்பட்ட கூட்டங்களையே தடை செய்து ஒரு சட்டம் போட்டது. கணவர் காவல் துறையில் இருக்க, மனைவியின் மனமோ சட்டம் தடுத்த அந்தக் கூட்டங்களின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

லோசானில் அவருக்குப் பழக்கமான ஆன்ரி ஒலிவியே தம்பதி 1834இலேயே கனடாவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள்தான் இவரை இழுத்தன. ஆனால் ஒலிவியேக்கு உடம்பு தாங்கவில்லை. 1836இல் தம்பதி சுவிட்சர்லாந்துக்கே திரும்பிவிட்டார்கள். அம்மையாரும் ரூசியும் மிஞ்சினார்கள். மான்ட்ரியாலில் கதவுகள் திறக்கவில்லை. இந்த சான்-ழானிலும் முயன்று பார்த்தார், இங்கேயும் எதிர்ப்பு. ஊர் விட்டு ஊர் போய், கடைசியில் பெயர் தெரியாத ஒரு கிராமத்தில் போய் நின்றார்.

நாளை அங்கே.

சனி, லகாடியும் கிராந்த்-லீனும்

காலையில் முதலில் லகாடி. 1755இல் ஆங்கிலேயர்கள் அகாடியா பகுதியிலிருந்து விரட்டியடித்த பிரெஞ்சு மக்களில் சிலர் பின்னாளில் இங்கே வந்து குடியேறினார்கள். ஊருக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். 1801இல் கட்டி முடித்த கத்தோலிக்கக் கோயில் அப்படியே நிற்கிறது. கனமான கல் சுவர், கூர்மையான சிறு கோபுரம், பக்கத்தில் பங்குச் சாமியார் வீடு. உள்ளே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். அழகான கோயில். இதைப் பார்க்காமல் கிராந்த்-லீனுக்குப் போனால் பாதிக் கதைதான் புரியும். சொந்த மண்ணை இழந்து வந்த மக்களுக்கு இந்தக் கோயில்தான் ஊர், உறவு, மொழி எல்லாமே. அதைவிட்டு வெளியே போன பக்கத்து வீட்டுக்காரனை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை இந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்தபோது என்னால் உணர முடிந்தது. அவர்கள் கோபத்திலும் ஒரு பயம் இருந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கத்தோலிக்க விவசாயி தன் தானிய விளைச்சலில் 26இல் ஒரு பங்கைப் பங்குச் சாமியாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பிரிட்டிஷ் ஆட்சி வந்த பிறகும் 1774ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காப்பாற்றி வைத்தது. சபை மாறினால் அந்தக் கடமையும் போய்விடும். ஆக, இது நம்பிக்கை விவகாரம் மட்டுமில்லை.

லகாடியிலிருந்து தெற்கே போனால் நிலம் தட்டையாக விரிகிறது. ஒற்றை நேர்க்கோடாகச் சாலை, இருபுறமும் நீளநீளமான குறுகிய வயல்கள், ஒவ்வொரு வயலின் முகப்பிலும் ஒரு வீடு. இது பழைய பிரெஞ்சு நிலப்பங்கீடு. சோளம் பாதி அறுத்திருந்தார்கள். வீட்டு வாசல்களில் பரங்கிக்காய் அடுக்கி வைத்திருந்தார்கள். மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன.

ரூசி முதலில் இந்தப் பக்கம் வந்தது பள்ளி ஆசிரியராக. பகலில் பாடம் சொல்லிக்கொடுத்தார், ஓய்வு நேரத்தில் வீடு வீடாகப் போய்ப் புதிய ஏற்பாட்டை வாசித்துக் காட்டினார். விஷயம் வெளியே தெரிந்ததும் வேலை போயிற்று. அதற்குள் ஒன்றிரண்டு குடும்பங்கள் அவர் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தன. அந்தக் குடும்பங்களில் ஒன்று, 1836 இலையுதிர் காலத்தில் ஃபெல்லர் அம்மையாருக்குத் தங்கள் மரவீட்டின் பரணைக் கொடுத்தது.

பரண் என்றால் கூரைக்கு அடியில் ஏணி வைத்து ஏறுகிற இடம். அங்கேயே அவர் தூங்க வேண்டும், அங்கேயே சமையல், அங்கேயே பள்ளிக்கூடம். பகலில் பிள்ளைகள் வந்தார்கள். வயல் வேலை முடிந்த பெரியவர்கள் மாலையில் வந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் அவர்கள். பாடம் முடிந்ததும் வேதம் வாசிப்பார்கள். நோயாளிகளையும் அவர் பார்த்துக்கொண்டார். ஓரளவு மருத்துவம் பழகியவர். கியூபெக்கின் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு இரும்பு அடுப்பை நம்பி அந்தப் பரணில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கழித்தார் என்பதை நினைத்தால் மரியாதை வருகிறது.

அந்த ஆண்டைத்தான் கவனிக்க வேண்டும். கீழ்க் கனடாவில் (இன்றைய கியூபெக்கின் அன்றைய பெயர்) அரசு உதவியோடு கிராமப் பள்ளிகள் நடத்த வழி செய்த 1829ஆம் ஆண்டுச் சட்டம் 1836இல் காலாவதியானது. சட்டமன்றம் புதுப்பிக்கப் பார்த்தது, மேலவை மறுத்துவிட்டது. நூற்றுக்கணக்கான பள்ளிகள் காசில்லாமல் மூடின. அரசாங்கம் கைவிட்ட அதே ஆண்டில் ஒரு விதவை பரணில் பள்ளி திறக்கிறார். மதம் மாற்ற வந்தவர் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு, அவரும் அதை ஒளித்ததில்லை. ஆனால் கிராமத்தார் தங்கள் பிள்ளைகளை அனுப்பியதற்குப் பள்ளி இல்லாத வெறுமையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். சபை வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுப்புதலை, அதாவது மத மறுமலர்ச்சியை, மட்டும் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. படிப்பு வேண்டும் என்ற பசியும் பரிசுத்தமானதுதான்.

அடுத்த ஆண்டு, 1837இல், ஒரு சபை முறையாக அமைந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்.

மாலையில் நாய் ஒன்றை நடத்திக்கொண்டு வந்த ஒரு பெரியம்மாவிடம் மகள் பேச்சுக் கொடுத்தாள். "மதாம், நாங்கள் பழைய பள்ளி இருந்த இடத்தைப் பார்க்க வந்தோம்." அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை நீட்டி வழி காட்டினார். இங்கிருந்த புரோட்டஸ்டன்ட் குடும்பங்களைத் தன் பாட்டி காலத்தில் சுவிஸ்காரர்கள் என்றே அழைப்பார்களாம். தலைமுறை தலைமுறையாகக் கியூபெக்கில் வாழ்ந்த விவசாயிகள். சுவிட்சர்லாந்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். மகளுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. "என்னை எங்க இருந்து வந்தன்னு கேட்பாங்கல்ல, அந்த மாதிரியாப்பா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

ஞாயிறு, எல்லையை நோக்கி

காலையில் சான்-ழான் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு சபையின் ஆராதனைக்குப் போனோம். ஹெய்ட்டியிலிருந்து வந்த குடும்பங்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு நன்றாக இருந்தது. அப்புறம் வண்டியைத் தெற்கே திருப்பினோம்.

1837 நவம்பரில் கீழ்க் கனடாவில் புரட்சி வெடித்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் பத்ரியோத்துகள் என்ற பிரெஞ்சு தேசபக்தர்கள் எழுந்தார்கள். சான்-தெனியில் வெற்றி, சான்-ஷார்லில் தோல்வி, டிசம்பரில் சான்-யூஸ்தாஷில் பெரும் அழிவு. இவையெல்லாம் கியூபெக் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், மகளுக்கும் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாதது கிராந்த்-லீனில் நடந்ததுதான்.

புதுச் சபையில் சேர்ந்தவர்களின் வீடுகளை இரவில் கும்பல் சூழ்ந்தது. தகரம், சட்டி, கொம்பு என்று கையில் கிடைத்ததைத் தட்டி ஊதிக் கூச்சல் போட்டு, முகமூடியோடு மிரட்டுவார்கள். ஊருக்குப் பிடிக்காதவரைத் துரத்த அங்கே பழைய வழக்கம் அது. பழைய மதத்துக்குத் திரும்பு, புரட்சியில் சேர், இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போ. பிரெஞ்சு பேசுகிறாய், ஆனால் ஆங்கிலேயன் மதத்தில் இருக்கிறாய், அப்படியென்றால் நீ யார் பக்கம்? இதற்கு அந்த விவசாயிகளிடம் பதில் இல்லை. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, வீடு, தானியம், மாடுகளை விட்டுவிட்டு அமெரிக்க எல்லைக்கு நடையைக் கட்டினார்கள். அம்மையாரும் ரூசியும் கூடவே போனார்கள். எல்லைக்கு அப்பால் நியூயார்க் மாநிலத்தில் ஷாம்ப்ளேன் என்ற ஊர் அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். நவம்பர் குளிரில், சேற்றுப் பாதையில்.

எங்களிடம் அமெரிக்க விசா இல்லை. லகோல் தாண்டி எல்லைச் சாவடி அறிவிப்புப் பலகை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினோம். வண்டியில் அந்தத் தூரத்துக்கு அரை மணி நேரம் பிடித்தது. மகள் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டு மாதம் போல இருந்துவிட்டு அவர்கள் திரும்பினார்கள். வீடுகள் சூறையாடப்பட்டிருந்தன. புரட்சி தோற்றுவிட்டது, இப்போது அரசாங்கம் பழிவாங்கும் மனநிலையில் இருந்தது. யார் யார் துரத்தினார்கள் என்று பெயர் சொன்னால் போதும், சிறைதான். அம்மையார் வழக்குத் தொடுக்க மறுத்துவிட்டார். துரத்தியவர்கள் வீடுகளிலும் அந்தக் குளிர்காலத்தில் பசியும் நோயும் இருந்தன. அங்கேயும் போய் உதவினார். சபை அந்தக் கிராமத்தில் வேர் பிடித்தது பிரசங்கத்தால் என்பதைவிட இந்த மறுப்பால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திரும்பும் வழியில் ஓடல்டவுனில் நிறுத்தினோம். சிறிய மெதடிஸ்ட் கோயில், கல் கட்டடம். 1838 நவம்பரில் இரண்டாம் புரட்சி நடந்தபோது, 9ஆம் தேதி இந்தக் கோயிலுக்குள் அரசுப் படையினர் அரண் அமைத்துக்கொண்டு சுட, புரட்சித் தலைவர் ராபர்ட் நெல்சனின் ஆட்கள் வெளியே விழுந்தார்கள். நெல்சன் அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில் அரசும் மதமும் பிரிய வேண்டும் என்று எழுதியிருந்தது. படையினர் நேப்பியர்வில் ஊரை மீட்டபோது சுற்று வட்டாரத்தில் வீடுகள் எரிந்தன. பிறகு மான்ட்ரியாலில் 12 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், 58 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

அந்தப் புரட்சியின் தலைவர்களில் ஒருவர் சிரீல் கோத்தே. நேப்பியர்வில்லில் மருத்துவர். லகாடி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அதாவது கிராந்த்-லீனில் சட்டி தட்டிய கும்பல் அவருடைய தொகுதி மக்கள். தோல்விக்குப் பிறகு அமெரிக்காவுக்குத் தப்பி ஓடினார். அங்கே நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் அவருடைய மனம் மாறியது. கிராந்த்-லீன் ஊழியர்களோடு சேர்ந்தார், போதகரானார், கனடாவுக்குத் திரும்பி சான்-பீ என்ற ஊரில் சபையை வளர்த்தார். 1850இல் வெர்மான்ட் மாநிலத்தில் இறந்தபோது வயது நாற்பதைத் தாண்டியது கொஞ்சம்தான். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பயணம் போகலாம். பத்ரியோத்து வரலாற்றுக்காரர்கள் அவர் போதகரான பகுதியைச் சுருக்கிவிடுகிறார்கள், சபைக்காரர்கள் துப்பாக்கி ஏந்திய பகுதியைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே மனிதனாகத்தான் தெரிகிறது.

திங்கள், மறுபடி கிராந்த்-லீன்

நேற்று இரவு மழை. காலையில் கல்லறைத் தோட்டத்தில் புல் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ரூசியின் நினைவாகப் பெயர் வைத்த கோயில். அவர் இறந்தது 1880இல். ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இந்த ஒரு பகுதியிலேயே நடந்து நடந்து வேலை செய்தவர். 1851 ஜனவரியில், இன்று மேரிவில் எனப்படும் ஊரில், ஷார்ல் ஷினிக்கி என்ற கத்தோலிக்கச் சாமியாரோடு இவர் பொது விவாதம் நடத்தினார். ஷினிக்கி குடி ஒழிப்புப் பிரசாரத்தால் கியூபெக் முழுக்கப் பெயர் பெற்றவர், பேச்சில் புயல். ஏழு ஆண்டுகள் கழித்து, இல்லினாய்ஸ் போன பிறகு, அதே ஷினிக்கி கத்தோலிக்க சபையை விட்டு வெளியேறினார், பிறகு பிரெஸ்பிட்டீரியன் என்ற புரோட்டஸ்டன்ட் பிரிவில் சேர்ந்தார்.

ஃபெல்லர் அம்மையார் 1868 மார்ச் 29 அன்று கிராந்த்-லீனிலேயே இறந்தார். பரணிலிருந்து தொடங்கியது அவர் காலத்திலேயே பெரிய கட்டடமாகியிருந்தது. அமெரிக்கச் சபைகளிடம் போய்ப் பணம் கேட்டார், 1840இல் பள்ளி இல்லம் எழுந்தது. 1840களில் இந்தச் சபை பாப்டிஸ்ட் அமைப்புகளோடு இணைந்தது. முதலில் எந்தப் பிரிவின் பெயரும் வைத்துக்கொள்ளாமல்தான் இருந்தார்கள், பணம் திரட்டும் சுமை தாங்காமல்போன பிறகுதான் இணைப்பு. அங்கே படித்த நார்சீஸ் சீர் 1851இல் ஒரு பிரெஞ்சு புரோட்டஸ்டன்ட் பத்திரிகை தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி நடந்தது, பின்னாளில் லோங்கே நகரத்தில்.

கல்லறைப் பெயர்களை மகள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் அவளே கேட்டாள், "அப்பா, பேரெல்லாம் பிரெஞ்சு, ஆனா நிறைய கல்லுல எழுதியிருக்கிறது இங்கிலீஷ். ஏன்?"

இந்தச் சபையின் பிற்காலக் கதை முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கியூபெக்கில் பள்ளிகள் மத அடிப்படையில் பிரிந்திருந்தன. கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் பிரெஞ்சு. புரோட்டஸ்டன்ட் பள்ளிகள் ஆங்கிலம். 1998இல்தான் இந்தப் பிரிவு மொழி அடிப்படைக்கு மாறியது. நடுவில் ஒன்றரை நூற்றாண்டு, பிரெஞ்சு புரோட்டஸ்டன்ட் பெற்றோர் பிள்ளையை எங்கே அனுப்புவார்கள்? நம்பிக்கையைக் காப்பாற்ற ஆங்கிலப் பள்ளிக்கு. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் ஆங்கிலக்காரப் பெண்ணைக் கட்டுவான். பேரப்பிள்ளைகள் வீட்டில் பிரெஞ்சு பேச மாட்டார்கள். இதோடு வறுமையும் சேர்ந்தது. 1840 முதல் 1930 வரை ஏறக்குறைய 9 லட்சம் கியூபெக் மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார்கள். ஊரில் தனித்துவிடப்பட்ட சபைக் குடும்பங்களுக்கு அந்த வழி இன்னும் எளிது. வெளியே துரத்தியவர்களால் அழியாத சபை, பள்ளிக்கூட வாசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மொழி போனால் வீட்டில் என்ன போகும் என்று தினமும் பார்க்கிறவன் நான். மகளிடம் தமிழில் கேட்டால் பாதி நாள் பிரெஞ்சில்தான் பதில் வருகிறது.

பரணில் தொடங்கிய அந்த ஃபெல்லர் பள்ளி மட்டும் நெடுங்காலம் தாக்குப் பிடித்தது. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் பாடம் நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் அரசு கட்டடத்தை எடுத்துக்கொண்டு 44ஆம் எண் போர்க்கைதி முகாமாக்கியது. 1943 முதல் 1946 வரை ஜெர்மானிய ராணுவ அதிகாரிகள் இங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். போருக்குப் பிறகு மறுபடி பள்ளி. 1967இல் மூடினார்கள். அடுத்த ஆண்டு கட்டடம் தீயில் போனது.

பெரியம்மா காட்டிய இடத்துக்குப் போய் நின்றோம். வயல், மரங்கள், சாலை. பார்க்க அதிகம் ஒன்றுமில்லை.

ஆனால் 1969இல், பள்ளி போன கையோடு, பிரெஞ்சு பாப்டிஸ்ட் சபைகள் தங்களுக்கென்று தனி ஒன்றியம் அமைத்துக்கொண்டன. 1960களில் கியூபெக் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார்கள். மதத்தையும் மொழியையும் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்தது. அதன் பிறகு பிரெஞ்சு பேசிக்கொண்டே வேறு சபையில் இருப்பது யாருக்கும் குற்றமாகப் படவில்லை. 1970களில் பிரெஞ்சு இவாஞ்சலிக்கல் சபைகள் வேகமாக வளர்ந்தன, பிறகு ஹெய்ட்டி மக்கள் வந்து அவற்றை நிரப்பினார்கள். ஞாயிறு காலை எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த குடும்பம் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து வந்தது என்று ஆராதனை முடிந்த பிறகு சொன்னார்கள். அவர்களுடைய பையனும் என் மகளும் தங்கள் பள்ளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், பிரெஞ்சில்.

போக விரும்புகிறவர்களுக்கு: கார் இல்லாமல் கிராந்த்-லீன் போவது சிரமம். சான்-ழானில் தங்கிக்கொண்டு லகாடியை முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு சான்-ப்ளேஸ். ஓடல்டவுனுக்கும் லகோலுக்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். கோயில்கள் பூட்டியிருக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது பிரெஞ்சும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.